சேற்றிலிருந்து குருதிக்கு: செப்சிஸ் நிலையில் நிர்ப்பீடனத்தின் சீர்குலைவு

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை செல்லும் கரையோரப் பாதையில், நிலாவெளிக்கு வடக்கே அமைந்த கிராமம் இறக்கக்கண்டி. கடலையும் களப்பையும் வயலையும் நம்பி வாழும் இத்தகைய கிழக்கிலங்கைக் கிராமங்களுக்கு வடகீழ்ப் பருவமழை வாழ்வளிப்பது. அம்மழைக்காலத்திலேயே சேற்றிலிருந்து மனிதக் குருதியை அடையக்கூடிய நோயொன்றும் உண்டு. மெலியோயிடோசிஸ் எனப்படும் அந்நோயை முன்வைத்து, குருதி நஞ்சாதல் என வழங்கும் செப்சிஸ் நிலையில் உடலின் நிர்ப்பீடனம் எவ்வாறு சீர்குலைகின்றது என்பதையும், ஆய்வாளர் அதனை எவ்வாறு ஆராய்கின்றனர் என்பதையும் இங்கு நோக்குவோம்.

இந்நோயை அல்பிரட் விற்மோர், சி. எஸ். கிருஷ்ணசுவாமி ஆகிய இருவரும் இரங்கூன் நகரத்து வறியோரிடையே கண்டு, 1912இல் விவரித்தனர். இலங்கையில் முதல் நோயாளி பற்றிய குறிப்பு 1927இல் வெளியாயிற்று. அதன்பின் நெடுங்காலம் இந்நோய் இங்கு அரிதென்றே கருதப்பட்டது. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் நுண்ணுயிரியலாளர் 2006 முதல் முறையாகத் தேடத் தொடங்கியபோது, கிழக்கு மாகாணம் உட்பட நாட்டின் பல பகுதிகளிலும் நோயாளிகள் கண்டறியப்பட்டனர். ஆய்வுகூடங்களில் இப்பற்றீரியா பிறிதொன்றாகவோ வெறும் மாசாகவோ கருதப்பட்டுத் தள்ளப்படுவதுண்டு. நோய் மறைந்திருந்தமைக்கு அதுவும் ஒரு காரணமாகும்.

ஈரமண்ணில் வாழும் இப்பற்றீரியா தோலிலுள்ள காயத்தின் வழியாகவோ, மூச்சின் வழியாகவோ, நீரின் வழியாகவோ உடலுட் புகும். நீரிழிவு உடையோரே பெரிதும் இதற்கு இலக்காகின்றனர். பற்றீரியாவின் சுவரிலுள்ள வேதிப்பொருள்களை நமது வெண்குருதிக் கலங்களின் மேலுள்ள வாங்கிகள் இனங்காண்கின்றன. அத்தகைய வாங்கியொன்றை 1998இல் இனங்கண்ட புரூஸ் பொய்ட்லர் 2011இல் நோபல் பரிசில் பங்குபெற்றார். இனங்கண்ட கலங்கள் சைற்றோகைன் என்னும் செய்திப் புரதங்களைச் சுரந்து ஏனைய கலங்களை அழைக்கின்றன. சிறிய காயத்தில் இதுவே நம்மைக் காக்கும் அழற்சி. உடலெங்கும் ஒருங்கே எழும்போதோ நிலைமை மாறுகின்றது. குருதிக்கலங்கள் விரிந்து கசிகின்றன, குருதியமுக்கம் வீழ்கின்றது, நுண்கலங்களிற் குருதி உறைகின்றது, ஒட்சிசன் இன்றிச் சிறுநீரகமும் சுவாசப்பையும் செயலிழக்கின்றன. எனவேதான், தொற்றுக்கு உடல் காட்டும் ஒழுங்கிழந்த எதிர்வினையால் உறுப்புகள் செயலிழந்து உயிராபத்து நேரும் நிலையே செப்சிஸ் என 2016இல் மருத்துவ வல்லுநர் வரையறுத்தனர்.

எனினும் இது பாதி உண்மையே. மிகையான அழற்சியே கொல்கின்றதெனில், அதனை அடக்கினால் நோயாளி பிழைத்தல் வேண்டும். இக்கருத்தை நம்பிச் சைற்றோகைன்களைத் தடுக்கும் மருந்துகள் 1990களில் சோதிக்கப்பட்டன. எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. செப்சிசால் இறந்த 40 நோயாளரின் மண்ணீரலையும் சுவாசப்பையையும் இறந்தவுடனேயே பெற்று ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர், அவற்றிலுள்ள நிர்ப்பீடனக் கலங்கள் சோர்ந்து செயலற்றிருந்ததை 2011இல் வெளியிட்டனர். நிணநீர்க் கலங்கள் பெருந்தொகையாக மடிகின்றன. எஞ்சியவை புதிய பகைவரை எதிர்க்க வலுவற்றனவாகின்றன. மிகையான எழுச்சியும் ஆழ்ந்த தளர்ச்சியும் ஒரே உடலில் ஒருங்கே நிகழக்கூடும் என்பதே இன்றைய கருத்து.

ஆய்வு முறையும் இதற்கேற்ப மாறியுள்ளது. எலியின் குடலைத் துளையிட்டுச் செப்சிசை உண்டாக்கி ஆராய்வது நெடுங்கால வழக்கு. ஆயின் ஆய்வுகூடத்து இளம் எலியும், நீரிழிவுடன் வயலில் உழைக்கும் முதியவரும் ஒன்றல்லர். ஆகவே நோயாளரின் குருதியையே நாள்தோறும் பெற்று, வெண்கலங்களில் எப்பரம்பரையலகுகள் தொழிற்படுகின்றன என்று கணித்து, யாருக்கு அழற்சியை அடக்குவது, யாருக்கு நிர்ப்பீடனத்தைத் தூண்டுவது என வகைப்படுத்த முயல்கின்றனர்.

இவ்வாராய்ச்சி கனியும் வரை உயிர்காப்பது எது? தாய்லாந்தின் உபோன் நகரில் நடந்த சோதனையொன்று 1989இல் விடையளித்தது. கடும் மெலியோயிடோசிஸ் நோயாளருக்குச் செப்டசிடைம் வழங்கியபோது இறப்பு நூற்றுக்கு 74இலிருந்து 37ஆகக் குறைந்தது. செப்சிஸ் நோயாளருக்குப் பொதுவாக முதலில் வழங்கப்படும் செப்ட்ரையாக்சோன் இந்நோய்க்குப் போதாது. ஆதலால் குருதி வளர்ப்புச் சோதனை செய்து பற்றீரியாவைச் சரிவர இனங்காணும் வசதி அண்மையிலுள்ள வைத்தியசாலையில் உண்டா என்பதே நோயாளியின் உயிரை நிர்ணயிக்கக்கூடும்.

2017இல் உலகெங்கும் 4.89 கோடிப் பேர் செப்சிசுக்கு ஆளாகி, 1.1 கோடிப் பேர் இறந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. இவர்களிற் பெரும்பாலோர் வசதி குறைந்த நாடுகளைச் சேர்ந்தவர்கள். நிர்ப்பீடனத்தின் சீர்குலைவு எல்லோருக்கும் பொதுவான உயிரியல் நிகழ்வே. அதிலிருந்து மீளும் வாய்ப்போ எல்லோருக்கும் பொதுவாக இல்லை. சேற்றில் இறங்குவோருக்குக் காலணி, காயத்திற்குக் காப்பு, நீரிழிவுக்குத் தொடர்ந்த சிகிச்சை, மாவட்டந்தோறும் தேர்ந்த நுண்ணுயிரியல் ஆய்வுகூடம் ஆகியனவும் நிர்ப்பீடன ஆய்வைப் போலவே இந்நோய்க்கு எதிரான அறிவியலின் கூறுகளேயாம்.