நிலக்கரித் தொழிலாளரும் நினைவுக் கற்களும்

போரிலே வீழ்ந்த வீரனுக்குக் கல் நாட்டி, அவன் பெயரையும் செயலையும் அதிலே பொறித்து வழிபடுதல் பழந்தமிழர் மரபு. அந்தக் கல் மன்னனுக்கு மாத்திரம் உரியதன்று. ஊராரின் ஆநிரையை மீட்கச் சென்று மாண்ட எளிய மறவனுக்கும் உரியதாயிருந்தது. இம்மரபில் வந்த நம்மவர் கடல் கடந்து சென்று, கரும்புத் தோட்டங்களிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் உழைத்து மடிந்தபோது, அவர்களுக்குக் கல் நாட்டியவர் யார்? தென்னாபிரிக்கத் தமிழரின் வரலாற்றிலே இவ்வினாவுக்கு விடை தேடலாம்.

1860 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திற் சென்னையை விட்டுப் புறப்பட்ட ‘துரூரோ’ என்னும் கப்பல், நவம்பர் 16 ஆம் தேதி நேற்றால் நாட்டின் டேர்பன் துறையை அடைந்தது. அதிலே சென்றவர் 342 பேர். ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டிலே மாதம் பத்துச் சிலிங் கூலி. 1911 ஆம் ஆண்டு வரையில் இவ்வாறு அந்நாடு சென்ற இந்தியர் ஏறத்தாழ 152,000 பேர். அவர்களுட் பெரும்பாலோர் சென்னைத் துறையிற் கப்பலேறிய தமிழரும் தெலுங்கருமாவர். கடற்கரையோரத்திலே கரும்பை வளர்த்தவர்கள் இவர்களே. பின்னர் வட நேற்றாலில், டண்டீ, நியூகாசில் ஆகிய இடங்களிற் சுரங்கங்கள் திறக்கப்பட்டபோது, ஒரு சாரார் நிலத்தின் அடியிலே இறக்கப்பட்டனர்.

ஒப்பந்தம் முடிந்தவர்கள் அங்கேயே குடியமர்வதை ஆட்சியாளர் விரும்பவில்லை. தாயகம் திரும்பாமலும் மீண்டும் ஒப்பந்தத்திற் சேராமலும் இருப்பவர் ஆண்டுதோறும் மூன்று பவுண் வரி செலுத்த வேண்டுமென 1895 இற் சட்டம் இயற்றப்பட்டது. பின்பு பதினாறு வயது ஆண்பிள்ளைகளும் பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைகளுங்கூட அவ்வரிக்கு உட்பட்டனர். மாதம் பத்துச் சிலிங் பெறும் ஒருவனுக்கு மூன்று பவுண் என்பது ஆறு மாத உழைப்பாகும். இது போதாதென்று, கிறித்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லா என்னும் கருத்துடைய தீர்ப்பொன்று 1913 மார்ச் மாதத்தில் வெளியாயிற்று. தாலி கட்டி வாழ்ந்தவர்கள் சட்டத்தின் கண்ணில் மனைவியரல்லர் என்ற நிலை ஏற்பட்டது.

அவ்வாண்டு ஒக்டோபரிலே திரான்ஸ்வாலிலிருந்து பெண்கள் பதினொருவர் அனுமதியின்றி நேற்றால் எல்லையைக் கடந்து நியூகாசிலை அடைந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். சிலரது இடுப்பிலே கைக்குழந்தை. வரி நீங்கும்வரை வேலைக்குப் போகாதீர் எனச் சுரங்கத் தொழிலாளரிடம் அவர்கள் வேண்டினர். சில நாட்களிலே ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். அப்பெண்களுக்குக் கிடைத்தது மூன்று மாதக் கடூழியச் சிறை.

நியூகாசிலிலே லாசரஸ் என்னும் தமிழ்க் கிறித்தவர் தமது சிறு வீட்டையே போராட்டத்தின் தங்குமடமாக்கினார். அங்கிருந்து 36 மைல் தொலைவிலுள்ள சார்ள்ஸ்டவுனுக்குத் தொழிலாளர் கால்நடையாகச் சென்றனர். நாளொன்றுக்கு ஒன்றரை இறாத்தல் பாணும் ஓர் அவுன்ஸ் சீனியுமே அவர்களுக்கு உணவு. வழியிலே இரு தாய்மார் தம் குழந்தைகளை இழந்தும் நடையை நிறுத்தவில்லை. நவம்பர் 6 ஆம் தேதி காந்தியடிகளுடன் திரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். அரசினர் அவர்களைப் புகைவண்டியிலேற்றித் திருப்பியனுப்பிச் சுரங்க வளாகங்களையே சிறைச்சாலைகளாக்கினர். வேலைநிறுத்தம் கரையோரக் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. அங்கே துப்பாக்கிச் சூட்டிற் சிலர் மாண்டனர். 1914 இல் நிறைவேறிய சட்டம் வரியை நீக்கியது, திருமணங்களையும் ஏற்றுக்கொண்டது.

வெற்றி கிட்டியபின், அவ்வாண்டு ஜூலை 15 ஆம் தேதி, ஜோஹன்னஸ்பேர்க் நகரின் பிராம்பொன்டெயின் மயானத்திலே காந்தியடிகள் முன்னிலையில் இரு நினைவுக் கற்கள் திறந்துவைக்கப்பட்டன. ஒன்று, சிறையிற் குளிரிலே வருந்தி 1909 இற் பதினெட்டு வயதில் இறந்த நாகப்பனுக்கு. மற்றது, சிறையிலே நோயுற்று, விடுதலையான சில வாரங்களில், 1914 பெப்ரவரி 22 ஆம் தேதி பதினாறு வயதில் உயிர்நீத்த வள்ளியம்மைக்கு. அவள் பெற்றோரின் ஊராகிய தில்லையாடியிலும் அவளுக்கு இன்று நினைவு மண்டபம் உண்டு.

இருவருக்குக் கல் கிடைத்தது. எஞ்சியோர்க்கு? அவர்களுக்கு எஞ்சியிருப்பது காகிதம். கப்பலேறிய ஒவ்வொருவரின் இலக்கமும், பெயரும், தந்தை பெயரும், ஊரும் பட்டியலில் எழுதப்பட்டன. மனிதரைச் சரக்குப் போலக் கணக்கிட எழுதிய ஏடுதான் அது. ஆயினும் இன்று பேரரின் பிள்ளைகள் அதைப் புரட்டித் தம் மூதாதையின் ஊரைக் கண்டறிகின்றனர். அடக்கியவன் எழுதிய கணக்கே அடங்கியவனின் நடுகல்லாயிற்று!

நமது நாட்டிலோ, கங்காணியின் பின்னே மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மலைநாடு சென்றவர்களுள் எத்தனை பேருக்கு இத்தகைய ஏடு உண்டு? அவர்கள் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை நினைந்து, 2023 இலே தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பலர் நடந்தனர். அந்த நடையும் ஒரு நினைவுச் சின்னமே. கொழும்புத் துறைமுகத்தில் நீராவிக் கப்பல்கள் கரியேற்றி நின்ற நாட்களிலே, அந்தக் கரியைச் சுமந்த தமிழர் எத்தனை பேர்! அவர்களின் வழித்தோன்றல்கள் கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை வீதிகளில் இன்றும் வாழக்கூடும்.

கல் நாட்டப் பொருள் வேண்டும். அரசின் அனுமதி வேண்டும். பெயரை எழுதிவைக்க ஓர் அப்பியாசக் கொப்பி போதும். மாணவர்களே, உங்கள் வீட்டுப் பாட்டனாரிடமும் பாட்டியாரிடமும் இன்றே கேளுங்கள்: அவர்களின் பெற்றோர் யார், எவ்வூரார், என்ன தொழில் செய்தனர்? கேட்டதைத் தேதியிட்டு எழுதிவையுங்கள். அவர்கள் சொல்லும் பெயர்களுட் பல, அவர்கள் நாவிலன்றி உலகில் வேறெங்கும் இல்லாதவை.