ஏரிக்கரைக்கு ஒரு ராத்திரி தூரம்

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து திருச்சியில் கார் ஏறினால், சனிக்கிழமை விடியும்போது கொடைக்கானல் ஏரிக்கரையில் டீ குடிக்கலாம். ஞாயிறு மதியம் இறங்கிவிடலாம். கோடைக்குக் குளிர் தேடிப் போவது இன்று அவ்வளவு சுலபம்.

முன்பு அப்படி இல்லை. 1875-இல் ரயில் வந்த பிறகுகூட அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டுவண்டியில் ராத்திரி முழுக்க ஆடிக்கொண்டே போய், பெரியகுளத்துக்கு அருகே கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பை அடைய வேண்டியிருந்தது. அதற்கு மேல் ஒற்றையடிப் பாதைதான். வசதியுள்ளவர்கள் குதிரையிலோ டோலியிலோ ஏறினார்கள். டோலி சுமந்த தோள்கள் நம் ஊர்க்காரர்களுடையவை. மலை ஏறியும் அந்தக் குளிரை அனுபவிக்க அவர்களுக்கு வாய்க்கவில்லை. இவ்வளவு பாடுபட்டு வந்த அந்த வசதிக்காரர்கள் மறுநாளே திரும்புவார்களா? வெயில் தணியும்வரை அங்கேயே குடியிருந்தார்கள்.

இன்று நாம் டீ குடிக்கும் கரையுள்ள அந்த ஏரியும் இயற்கையாக அமைந்ததல்ல. சதுப்பாகக் கிடந்த பள்ளத்தில் ஓடிய ஓடையை மறித்து, 1863-இல் கரை போட்டு ஏரியாக்கியவர் மதுரை கலெக்டராக இருந்த வேர் லெவிஞ்ச். முதல் படகையும் அவரே தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார். 1890-இல் படகுச் சங்கம் வந்தது. ஆனால் சுற்றுலா வந்தவர்கள் அதன் படகில் ஏற 1932 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பழைய கொடைக்கானலின் அமைதியைப் புகழ்கிறவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த அமைதியில் நமக்கு இடம் இருக்கவில்லை.

மலைப்பாதை போட்டு, மோட்டார் ஏறி, பிறகு பேருந்து வந்ததும் நமக்கும் வழி திறந்தது. வத்தலக்குண்டில் பேருந்து மாறும்போதே அம்மாக்கள் ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தைக் கையில் திணிப்பார்கள். வளைவுகளில் குமட்டினால் அதை மூக்கருகே வைத்துக்கொள்ள வேண்டும். டம்டம் பாறை தாண்டியதும் சன்னல் வழியே காற்று மாறும். கட்டைப்பையிலிருந்து ஸ்வெட்டர் வெளியே வரும். ஏரிக்கரையில் மிளகாய்த்தூளும் உப்பும் தொட்ட எலுமிச்சை மூடியால் தேய்த்துத் தரும் சுட்ட சோளம், எண்ணெய் மினுங்கும் பஜ்ஜி, குதிரைச் சவாரி, வாடகை சைக்கிள். எளிய குடும்பங்களும் மலைக்குளிரை அனுபவித்த அந்தக் காலம்தான் என் மனதுக்கு நெருக்கமானது.

இன்றைய சிக்கல், எல்லோரும் ஒரே சனி ஞாயிறில் தங்கள் காரோடு வருவது. மே மாதத்தில் ஊருக்குள் நுழையும் முன்பே வண்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன. வழியில் எல்லோரும் படமெடுக்கும் வெள்ளி நீர்வீழ்ச்சி, ஏரியிலிருந்து வழிந்து வரும் தண்ணீர்தான். கரையில் நாம் வீசுவது அங்கேயும் போய் விழும்.

இந்த நெரிசலைக் கட்டுப்படுத்த, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை. கொண்டுபோனால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. இவற்றை முழு மனதோடு வரவேற்கிறேன். மலைக்கும் ஒரு தாங்குசக்தி உண்டு.

ஆனால் வண்டியை எண்ணுவதோடு நின்றால், சோளம் சுடுகிறவரும் குதிரைக்காரரும்தான் நஷ்டப்படுவார்கள். அரசுப் பேருந்தில் போகிறவருக்கு இ-பாஸ் தேவையில்லை. கோடையில் வத்தலக்குண்டிலிருந்து கூடுதல் பேருந்துகளும், ஏரியைச் சுற்றிச் சிற்றுந்துகளும் ஓடட்டும். நடுத்தரக் குடும்பம் மூன்று நாள் தங்கும்படியான வாடகையில் அரசு அறைகள் கட்டட்டும்.