விறகு பிளக்கும் எந்திரத்தில் எஃகை வைத்தால்

2015இல் அமெரிக்காவின் ஹிஸ்டரி சேனலில் ‘ஃபோர்ஜ்டு இன் ஃபயர்’ என்ற கத்தி செய்யும் போட்டி தொடங்கியது. அதைப் பார்த்துவிட்டுக் கார் ஷெட்டில் உலை மூட்டியவர்கள் உண்டு. சம்மட்டி பிடித்துத் தோள் கழன்றுபோகும்போது மனம் ஹைட்ராலிக் பிரஸ்ஸைத் தேடும். புதிதாக வாங்க ஆயிரக்கணக்கான டாலர் வேண்டும். கொல்லையிலோ விறகு பிளக்கும் எந்திரம் கோடை முழுக்கச் சும்மா நிற்கிறது. பம்ப், சிலிண்டர், வால்வு, எண்ணெய்த் தொட்டி எல்லாம் அதிலேயே இருக்கின்றன. ஆப்பை அறுத்து எடுத்துவிட்டு, எஃகை அழுத்தும் அச்சுகளான இரண்டு டைகளை வெல்டிங் வைத்தால் போதாதா?

போதாது. ஆனால் நடக்காத காரியமும் இல்லை. கத்திக் கொல்லர் ஜிம் பேட்சன் ஹைட்ராலிக் பிரஸ்ஸை நாமே கட்டுவது பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். கட்டத் தெரிந்தவர் கட்டலாம். வெறும் வெல்டிங் தெரிந்தவர் யோசிக்க வேண்டும்.

முதலில் ஸ்டிக்கரில் இருக்கும் டன் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. 4 அங்குல விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு சுமார் 12.6 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு அழுத்தம் கொடுத்தால் கிடைப்பது 37,700 பவுண்டு. அமெரிக்கக் கணக்கில் அது 19 டன்கூட முழுதாக இல்லை. இந்த எந்திரங்களில் இருப்பது இரட்டை வேகப் பம்ப்: சுமை இல்லாதபோது வேகமாக நகரும், சுமை ஏறியதும் மெதுவாகிவிடும். விறகுக்கு அது போதும். பழுக்கக் காய்ச்சிய எஃகோ டையைத் தொட்ட நொடியிலிருந்து சூடு இழக்கிறது. சூடு இறங்க இறங்க எஃகு இறுகும், கூடுதல் அழுத்தம் கேட்கும்.

அப்போதுதான் கை, அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வுக்குப் போகிறது. அதன் திருகை இன்னும் இரண்டு சுற்று இறுக்கினால் அழுத்தம் கூடத்தான் செய்யும். ஆனால் பம்ப், ஹோஸ், பீம், வெல்டிங் எல்லாமே தாங்கும் அளவைத் தாண்டிப் போகும். கட்டை விரிசல் விட்டதும் சுமை இறங்கிவிடும். எஃகு அப்படி விட்டுக்கொடுக்காது. ஒவ்வொரு அழுத்தத்திலும் முழுச் சுமையும் பீமை ஒரு பக்கமாக வளைக்கும். வெல்டிங்கில் மயிரிழை விரிசல் விழுந்திருப்பது பெயின்டுக்கு அடியில் தெரியாது.

அடுத்தது நெருப்பு. சாதாரண ஹைட்ராலிக் எண்ணெயின் ஆவி தீப்பற்ற 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு போதும். டைகளுக்கு நடுவே இருக்கும் எஃகு ஆயிரம் டிகிரிக்கு மேல். ஹோஸில் ஊசித்துளை விழுந்தால் எண்ணெய் சொட்டாது. புகைபோல் பீய்ச்சி அடித்துக் குப்பென்று பற்றும். ஹோஸ்களை இரும்புத் தகட்டின் பின்னால் கொண்டுபோக வேண்டும், தீத்தடுப்பு உறை போட வேண்டும், தொட்டியைத் தள்ளி வைக்க வேண்டும். எண்ணெய்த் தீக்கான அணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. பெட்ரோல் எஞ்சினை மூடிய ஷெட்டுக்குள் ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும்.

அதே ஊசித்துளை இன்னொரு வேலையும் செய்யும். கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்ப்பவரின் தோலைத் துளைத்து எண்ணெய் உள்ளே போய்விடும். வெளியே முள் குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும். முதலில் வலிகூடப் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் விரல் வீங்கும். இதற்கு மருந்து அறுவை சிகிச்சைதான். தாமதித்தால் விரலையே எடுக்க நேரலாம். அவசரப் பிரிவில் ‘விரலில் காயம்’ என்று மட்டும் சொன்னால் காத்திருக்க வைப்பார்கள். ‘உயர் அழுத்தத்தில் ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே போயிருக்கிறது’ என்று சொல்ல வேண்டும். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும்.

சட்டம் என்ன சொல்கிறது? மாற்றியமைத்த எந்திரத்துக்கு வாரன்டியை எதிர்பார்க்க முடியாது. விபத்துக்கு இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டால், எந்திரத்தின் அமைப்பையே மாற்றிவிட்டார்கள் என்று தயாரிப்பாளர் வாதிடுவார். அந்த வாதத்துக்கு அமெரிக்க நீதிமன்றங்களில் எடை உண்டு. மாற்றியதை விற்றால், வாங்கியவருக்குக் காயம் பட்டால் பொறுப்பு விற்றவர் தலையில் விழலாம். கத்தி விற்றுச் சம்பாதிப்பவர் வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படிக்கட்டும். தொழில் சார்ந்த விபத்தைப் பல பத்திரங்கள் விலக்கிவைக்கின்றன.

தனியாக வேலை செய்பவரைத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ‘ஓஷா’ கேட்காது. ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்துவிட்டால் கதை வேறு. டை மாற்றும்போது பம்பை நிறுத்தி, பிரஸ்ஸின் நகரும் பகுதி இறங்கிவிடாதபடி முட்டுக் கொடுக்க வேண்டும். தவறி மிதித்துவிடாதபடி கால்பெடலுக்கு மறைப்பு வேண்டும் என்று அதன் விதிகள் சொல்கின்றன. விரல் துண்டானால் முதலாளி 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தொழிலாளி தன் பெயர் வெளியே வராமல் புகார் செய்யலாம். புகார் கொடுத்ததற்காக வேலையை விட்டு நீக்கினால் முறையிட 30 நாள்தான் அவகாசம். அதைத் தவறவிடக் கூடாது.

சிறு பட்டறைகளுக்கு ஆள் அனுப்பி ஆபத்துகளைச் சுட்டிக்காட்டும் இலவச ஆலோசனைத் திட்டமும் ஓஷாவிடம் உண்டு. அபராதம் கிடையாது. கண்டுபிடித்த பெரிய ஆபத்துகளைச் சரிசெய்ய ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கூலிக்கு ஆள் வைத்திருப்பவர்கள் இந்தப் பிரஸ்ஸில் முதல் எஃகுத் துண்டை வைப்பதற்கு முன்பே அந்த ஆலோசகர்களைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.