சலுகையா, உரிமையா? மாற்றுத்திறனாளிகளின் பயணக் கட்டணம் பற்றி எழுதும்போது



‘பொதுப் போக்குவரத்தும் மாற்றுத்திறனாளிகளும்’ என்ற தலைப்பைப் படிவம் ஐந்து வகுப்பில் கொடுத்தேன். பெரும்பாலான கட்டுரைகளில் ஒரே வாக்கியம்: “கண் தெரியாதவர்கள் பாவம். அதனால் அவர்களுக்குப் பாதிக் கட்டணம் கொடுக்கிறார்கள்.” எழுத்துப்பிழை இல்லை, சந்திப்பிழை இல்லை. ஆனால் கருத்துக்கு உரிய புள்ளியை என்னால் போட முடியவில்லை. “ஏன் டீச்சர், சரியாத்தானே எழுதியிருக்கேன்?” என்று ஒரு மாணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கான விளக்கம் இதோ.

முதலில் தகவலைச் சரியாகத் தெரிந்துகொள்வோம். மலேசியாவில் மாற்றுத்திறனாளியாகப் பதிவு செய்துகொள்பவருக்குச் சமூகநல இலாகா ‘ஓகேயு’ அட்டை வழங்குகிறது. மருத்துவரின் உறுதிச்சான்று வேண்டும். பதிவு கட்டாயமில்லை, விருப்பத்தின் பேரில் செய்வது. செவிப்புலன், பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பல்வகைக் குறைபாடு என ஏழு பிரிவுகள் உள்ளன. இந்த அட்டை உள்ள மலேசியர்களுக்குக் கே.டி.எம். ரயிலில் 50 விழுக்காடு கட்டணக் கழிவு கிடைக்கும். ரேப்பிட் கே.எல். எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., பேருந்துகளிலும் சலுகைக் கட்டணம் உண்டு.

பார்வைக் குறைபாடு என்றால் முழு இருட்டு என்று நினைத்துவிடாதீர்கள். மருத்துவர்கள் 3/60 என்று ஓர் அளவு சொல்வார்கள். நல்ல பார்வை உள்ளவர் 60 மீட்டர் தூரத்திலிருந்து காண்பதை, இவர் 3 மீட்டருக்கு நெருங்கினால்தான் காண முடியும். நல்ல நிலையில் உள்ள கண்ணிலும், கண்ணாடி போட்ட பிறகும், பார்வை இதைவிடக் குறைவாக இருந்தால் அவர் பார்வையற்றவராகக் கருதப்படுவார். ரயில் பலகையில் எழுத்து தெரியாது, ஆனால் ஆள் நடமாட்டம் தெரியும் என்ற நிலையில் உள்ளவர்கள் பலர். “அவருக்குத்தான் கண் தெரியுதே, எதுக்குப் பாதி டிக்கெட்?” என்று முணுமுணுப்பவர்கள் இதை அறிய வேண்டும்.

சரி, ஏன் பாதிக் கட்டணம்? ‘பாவம்’ என்பது காரணம் ஆகாது. காரணங்கள் வேறு. பார்வையற்றவர் வாகனமோட்டும் உரிமம் எடுக்க முடியாது. நமக்கு ரயில் பல வழிகளில் ஒன்று. அவருக்கு அதை விட்டால் வழி குறைவு. புதிய இடத்துக்குப் போனால் சில சமயம் துணைக்கு ஆள் வேண்டும். அப்போது இரண்டு டிக்கெட். ஒரே தூரத்தைக் கடக்க அவருக்கு நம்மைவிட அதிகம் செலவாகிறது. அந்தக் கூடுதல் சுமையில் ஒரு பகுதியைக் கழிக்கத்தான் கட்டணக் கழிவு.

அன்று வந்த கட்டுரைகளில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. “என் அப்பா ரயிலுக்குப் பாதிக் காசுதான் கட்டுகிறார். ஆனால் ஸ்டேஷன் வரைக்கும் நடக்கப் பாதை இல்லை. அதனால் காரில் போகிறார். அதற்கு முழுக் காசு.” அவ்வளவுதான், நான்கு வரி. அவருடைய தந்தை பார்வையற்றவர் என்பது அதுவரை எனக்கே தெரியாது. மற்றவர்கள் எழுதிய ‘பாவம்’களை நான் வகுப்பில் சத்தமாக வாசித்தபோது அந்தப் பிள்ளையும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

அந்த நான்கு வரியைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, ரயில் கட்டணம் ஒரு வழிக்கு 4 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பாதிக் கழிவில் போக வர 4 வெள்ளி மிச்சம். நிலையத்துக்குப் போகும் காருக்கு ஒரு வழிக்கு 7 வெள்ளி என்றால், போக வர 14 வெள்ளி செலவு. மிச்சம் எங்கே போனது?

இங்கேதான் இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். கட்டணக் கழிவு ஒரு சலுகை. நிலையத்தை அடைவதும், ஏறுவதும், இறங்குவதும் உரிமை. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் (சட்டம் 685), பிரிவு 27இல், பொதுப் போக்குவரத்து வசதிகளை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தும் உரிமை அவர்களுக்கு உண்டு என்கிறது. அதே சட்டம் குறைபாட்டை விளக்கும்போது உடலை மட்டும் குறிப்பிடவில்லை. சுற்றியுள்ள தடைகளையும் சேர்த்தே சொல்கிறது. அதாவது, கண் தெரியாதது பாதி. நடைபாதை இல்லாதது மீதி. இச்சட்டத்தில் மீறுவோருக்குத் தண்டனை விதிக்கும் பிரிவு இல்லை என்பது இன்றும் பேசப்படும் குறை.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனால் இதை நேரில் காணலாம். 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது, கே.எல். சென்ட்ரல் பக்கத்தில். நடைபாதையில் மேடு வைத்த ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள். நீளக்கோடு உள்ள ஓடு ‘நேராகப் போ’ என்கிறது. புள்ளி உள்ள ஓடு ‘நில், கவனி’ என்கிறது. வெள்ளைக்கோலும் பாதமும் படிக்கும் எழுத்து அது. அதன்மேல் ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்தினால், நடுவில் ஒரு பக்கத்தைக் கிழித்த மாதிரிதான். “ரெண்டு நிமிஷம்தாங்க” என்பார்கள். அந்த ரெண்டு நிமிஷத்தில் ஒருவர் சாலையில் இறங்கி நடக்க வேண்டியிருக்கும்.

மாணவர்களே, தேர்வில் இத்தலைப்பு வந்தால் இவற்றை நினைவில் வையுங்கள். ‘குருடர்’, ‘நொண்டி’ வேண்டாம். ‘பார்வையற்றவர்’, ‘மாற்றுத்திறனாளி’ என்று எழுதுங்கள். ‘இரக்கம் காட்ட வேண்டும்’ என்று முடிக்காமல், எந்தத் தடையை யார் நீக்க வேண்டும் என்று எழுதுங்கள். ஒரு கருத்து, அதற்குக் காரணம், அதற்கு ஒரு சான்று என்ற வரிசையில் பத்தியை அமையுங்கள். ‘கட்டணக் கழிவு உதவுகிறது, ஆயினும் நடைபாதை இல்லாவிடில் அதன் பயன் குறைகிறது’ என்ற ஒரே வாக்கியம், பத்து ‘பாவம்’களைவிட அதிகப் புள்ளி பெறும்.

ஆசிரியர்களே, ஒரு சிறு வேண்டுகோள். இத்தலைப்பைக் கொடுக்கும் முன், ‘அவர்கள்’ என்று நாம் சொல்லும் குடும்பத்துப் பிள்ளை நம் வகுப்பிலேயே இருக்கலாம் என்பதை எண்ணிக்கொள்ளுங்கள். நான் அதைத் தாமதமாகத்தான் எண்ணினேன்.