தட்டில் ஓட்டை விழும் முன்

போன மாதம் அப்பாவின் பீரோவைத் திறந்து, பழைய படத் தட்டுகளை ஒவ்வொன்றாக ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பளபளப்பு குறையவில்லை, கீறலும் அதிகமில்லை. ஆனால் மூன்று தட்டுகளில் ஊசியால் குத்தியதுபோல் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. அந்த இடங்களில் அலுமினியப் பூச்சு அரித்துப் போயிருக்கிறது. விரலால் தடவினால் ஒன்றும் தெரியாது. பிளேயரில் போட்டால் இடைவேளை தாண்டியதும் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது.

2007இல் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்தபோது, திருட்டு விசிடியை விட்டுவிட்டு ஒரிஜினல் வாங்கிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 2018இல் அந்த நிறுவனத்தையே கலைத்துவிட உத்தரவாயிற்று. கெட்டுப்போன தட்டுக்குப் பதில் புதிது வாங்கலாம் என்றால் இன்று கடையே இல்லை. ஓடிடியில் இருக்கும் படமும் ஒப்பந்தம் முடிந்ததும் ஒருநாள் காணாமல் போகிறது. காசு கொடுத்து வாங்கிய தட்டை ஹார்ட் டிஸ்க்கில் காப்பி போட்டு வைப்பது அதனால்தான் அவசியமாகிறது.

அது சட்டப்படி சரியா? பலரும் பயந்துகொண்டே கேட்கும் கேள்வி இது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 52ஆம் பிரிவு, தனிப்பட்ட சொந்த உபயோகத்துக்காக நியாயமான அளவில் பயன்படுத்துவதை உரிமை மீறல் ஆகாது என்கிறது. 2012 திருத்தம் இந்த விலக்கைத் திரைப்படங்களுக்கும் விரித்தது. அதே திருத்தத்தில் வந்ததுதான் 65ஏ பிரிவு. தட்டில் போட்டிருக்கும் மின்னணுப் பூட்டை, உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ‘நோக்கத்தோடு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத காரியத்துக்காகப் பூட்டை உடைப்பதை இந்தப் பிரிவு தடுக்காது என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. சொந்தத் தட்டு, சொந்த வீடு, சொந்தக் கண் என்ற வட்டத்துக்குள் நிற்பவருக்கு இந்த இரண்டு பிரிவுகளும்தான் துணை. ஆனாலும் எதையும் செய்யலாம் என்ற அனுமதிச் சீட்டாக அவற்றை எடுத்துக்கொள்ளக் கூடாது. எது நியாயம் என்பதை வழக்கு என்று வந்தால் நீதிமன்றம்தான் பார்க்கும்.

வட்டத்தைத் தாண்டினால் கதையே வேறு. அந்தக் காப்பியை டெலிகிராமில் ஏற்றுவது, பக்கத்துத் தெருக்காரரின் பென் டிரைவில் போட்டுக் கொடுப்பது, காசு வாங்கிக்கொண்டு ‘லோடு’ செய்வது எல்லாம் 63ஆம் பிரிவில் வரும். ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தமிழ்நாட்டில் குண்டர் தடுப்புச் சட்டத்திலேயே 2004இல் வீடியோ திருடர்களைச் சேர்த்திருக்கிறார்கள். காப்பி போட்டுவிட்டுத் தட்டை விற்பதும் வேண்டாம். சொந்த உபயோகம் என்று சொல்ல உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தத் தட்டும் அதன் உறையும்தான்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் நம் சட்டத்தை நம்பி அங்கே இறங்கிவிட வேண்டாம். பிரிட்டனில் சொந்த உபயோகக் காப்பிக்கு 2014 அக்டோபரில் விலக்கு கொடுத்தார்கள், 2015 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி பூட்டை உடைப்பதே தனித் தவறு.

‘ரொம்பப் பழைய படம்தானே’ என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டுகள். 1964இல் வந்த ‘கர்ணன்’ படத்துக்கு அந்தக் கணக்கு 2024 டிசம்பரோடு முடிந்துவிட்டது. ஆனால் பாட்டெழுதிய கண்ணதாசன் காலமானது 1981இல். அவர் வரிகளுக்கு 2041 முடியும்வரை உரிமை இருக்கிறது.

பீரோவில் படங்களோடு கல்யாண டிவிடியும் இருக்குமே, முதலில் அதை எடுங்கள். ஆலையில் அச்சான தட்டைவிடக் கம்ப்யூட்டரில் எழுதிய தட்டு வேகமாகக் கெடும். அதில் பதிவு இருப்பது ஒரு சாயப் பூச்சில்; வெயிலும் புழுக்கமும் அதை வெளுக்க வைக்கும். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன வீடியோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, 17ஆம் பிரிவுப்படி நீங்களே முதல் உரிமையாளர். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

காப்பி போடும்போது இடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். ஒரு படத்தை 700 எம்பிக்குச் சுருக்கி ஒரு சிடியில் அடைத்த காலம் ஒன்று இருந்தது. நானும் அப்படித்தான் செய்தேன். இன்றைய பெரிய டிவியில் அவற்றைப் போட்டால் முகங்கள் மெழுகு பூசியதுபோல் தெரிகின்றன. சுருக்கியபோது போனது திரும்பி வராது. டிவிடி என்பது ஓரடுக்கில் 4.7 ஜிபி, ஈரடுக்கில் 8.5 ஜிபி. நூறு டிவிடிகளும் ஒரு டிபியில் அடங்கிவிடும். தட்டில் இருப்பதை அப்படியே ஐஎஸ்ஓ கோப்பாகவோ, தரம் குறைக்காமல் எம்கேவி கோப்பாகவோ எடுத்து வையுங்கள். எம்கேவி யாருக்கும் சொந்தமில்லாத திறந்த வடிவம். எந்தக் கம்பெனி மூடினாலும் ஓடும். பெயர் வைக்கும்போது ஆண்டையும் சேர்த்துவிடுங்கள்: ‘ஆயிரத்தில் ஒருவன்’ 1965இலும் உண்டு, 2010இலும் உண்டு.

இவ்வளவும் செய்துவிட்டு ஒரே ஹார்ட் டிஸ்க்கை நம்பினால் செய்ததெல்லாம் வீண். என் மாமா ஒருவரின் டிஸ்க் மேஜையிலிருந்து விழுந்து ‘டக் டக்’ என்று சத்தம் போட்டது. அவர் பத்து முறை செருகிச் செருகிப் பார்த்தார். அந்தச் சத்தம் கேட்டதும் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும், ஒவ்வொரு முறை சுழலும்போதும் உள்ளே இன்னும் தேய்கிறது. வாரண்டியில் புது டிஸ்க் கொடுத்தார்கள், காலியாக. இரண்டாவது டிஸ்க் ஒன்று வீட்டிலேயே இருக்கட்டும். மூன்றாவதை அக்கா வீட்டிலோ தம்பி வீட்டிலோ பூட்டி வையுங்கள்; அது பாதுகாப்புக்கான காப்பி, அங்கே ஓட்டிப் பார்ப்பதற்கில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து இயக்கிப் பாருங்கள். பென் டிரைவும் எஸ்எஸ்டியும் அலமாரியில் போட்டு வைக்க ஏற்றவையல்ல, மின்சாரமே தொடாமல் கிடந்தால் நாளடைவில் பதிவு அழியும்.

டிஸ்க் விற்பனையில் ஒரு மோசடி நடக்கிறது. ‘16 டிபி’ என்று எழுதி அடிமாட்டு விலைக்கு இணையத்தில் விற்கும் டிஸ்க்குகளுக்குள் சின்ன மெமரி கார்டுதான் இருக்கும். கம்ப்யூட்டரிடம் 16 டிபி என்று பொய் சொல்லும். நிறைந்ததும் பழைய கோப்பின் மேலேயே புதியதை எழுதும். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுதும் எழுதிச் சோதித்த பிறகே படங்களை ஏற்றுங்கள். ஏமாந்துவிட்டால் பில்லையும் சோதனை முடிவின் படத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு முதலில் விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

தட்டைப் படிக்கும் டிரைவும் அருகி வருகிறது, புது லேப்டாப்புகளில் அது வருவதே இல்லை. யுஎஸ்பியில் செருகும் வெளி டிரைவ் ஒன்றை இப்போதே வாங்கி வையுங்கள். முடிந்தால் வெவ்வேறு கம்பெனியில் இரண்டு. ஒன்று தடுமாறும் இடத்தை மற்றொன்று படித்துவிடும். அப்பாவின் அந்த மூன்று தட்டுகளில் இரண்டு, நண்பரின் பழைய டிரைவில் மெதுவாக ஓடி முழுதாக வந்துவிட்டன. மூன்றாவதில் நடுவில் கொஞ்சம் பகுதி மட்டும் வரவில்லை. அதே பதிப்பின் இன்னொரு தட்டு, அதுவும் ஓட்டை விழுந்ததாகவே இருந்தாலும், கிடைத்தால் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளால் விட்டுப்போன இடத்தை அதிலிருந்து நிரப்பிவிடலாம். பழைய புத்தகக் கடைகளில் தேடிக்கொண்டிருக்கிறேன்.