வேலியிலும் வடலியிலும் நிற்கும் காடு

யாழ்ப்பாண நகரிலிருந்து ஏ9 வீதியால் கிழக்கே வருபவர்கள் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டிக் கைதடிக்குள் நுழையும்போதே வெயிலின் கடுமை சற்றுத் தணிவதை உணர்வார்கள். நுணாவில், சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம் என்று தென்மராட்சியின் வீதி நெடுகிலும் மாவும் பலாவும் தென்னையும் நிழல் தருகின்றன. காலம் வந்தால் சாவகச்சேரிச் சந்தையில் பலாப்பழம் குவிந்து கிடக்கும். குடாநாட்டின் மற்றப் பகுதிகளில் இருப்பவர்கள் தென்மராட்சியை நினைத்தால் முதலில் நினைப்பது இந்தப் பசுமையைத்தான்.

ஆனால் இலங்கையில் காடு மிகக் குறைந்த மாவட்டங்களுள் ஒன்று யாழ்ப்பாணம். பாலையும் வீரையும் கருங்காலியும் அடர்ந்த உலர்வலயக் காடுகளைப் பார்க்க வேண்டுமானால் ஆனையிறவைக் கடந்து வன்னிக்குத்தான் போக வேண்டும். நாடு முழுவதற்குமான 2010ஆம் ஆண்டின் கணிப்பு, நிலப்பரப்பில் 29.7 வீதம் காடு என்கிறது. அந்தக் கணக்கில் குடாநாட்டின் பங்கு மிகச் சிறிது. தென்மராட்சியின் மரங்களிற் பெரும்பகுதி எந்தக் காட்டுக் கணக்கிலும் வராமல் நிற்கிறது. கணக்கில் வராத ஒன்று குறைந்துகொண்டு போனால் அந்தக் குறைவும் கணக்கில் வராது. எங்கள் மரங்களுக்கு நேர்ந்துகொண்டிருப்பது இதுதான்.

ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் காடு என்பதற்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது. நிலம் அரை ஹெக்டேயருக்கு மேல் இருக்க வேண்டும். மரங்கள் ஐந்து மீற்றருக்கு மேல் உயரக்கூடியவையாக இருக்க வேண்டும். நிலத்தின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அவற்றின் நிழல் விழ வேண்டும். விவசாய நிலமும் குடியிருப்பும் இதில் சேரா. சில பரப்புக் காணியில் நாலு மா, இரண்டு பலா, ஒரு வேம்பு, பத்துத் தென்னை, எல்லையில் ஒரு வரிசைப் பனை, சுற்றிவரக் கிளுவை வேலி என்றிருக்கும் எங்கள் வீட்டு வளவு இந்த வரையறைக்குள் அடங்காது. அப்படிப்பட்ட வளவுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தாலும் அடங்காது.

ஆபிரிக்காவின் வறண்ட நாடுகளுக்கும் இதே கதி நேர்ந்திருந்தது. சகாரா பாலைவனமும் அதன் தெற்கு விளிம்பான சாகேலும் மரமற்ற வெளி என்றே உலகம் நீண்ட காலம் நினைத்திருந்தது. 2020இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வொன்று, மேற்கு ஆபிரிக்காவில் 13 இலட்சம் சதுர கிலோமீற்றர் பரப்பை நுண்ணிய செய்மதிப் படங்களில் பார்த்துத் தனித்தனி மரமாக எண்ணியது. தொகை 180 கோடியைத் தாண்டியது. அவற்றிற் பெரும்பாலானவை வயலிலும் மேய்ச்சல் வெளியிலும் ஒன்றிரண்டாக நிற்பவை. காடு என்ற பெயருக்கு உரிமை கோர முடியாதவை. அங்குள்ள மக்களுக்கு நிழலும் விறகும் ஆட்டுத் தீனியும் தந்துகொண்டிருந்தவை அவைதாம்.

அந்த நாடுகளுக்கும் எங்களுக்கும் இடையில் மரங்கள் வழியாகவே ஓர் உறவு உண்டு. மன்னார் பள்ளிமுனையிலும் நெடுந்தீவிலும் நிற்கும் பெருக்க மரங்கள் ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்டவை. அராபிய வணிகர்கள் கொண்டுவந்தவை என்று சொல்லப்படுகிறது. எங்கள் பற்றைகளில் முள்ளும் மஞ்சளும் ஊதாவுமான பூவுமாக நிற்கும் விடத்தல், நமீபியாவின் மேய்ச்சல் நிலங்களிலும் அதே இனமாக வளர்கிறது. அங்கே அது அளவுக்கு மீறிப் பரவிப் புல்லை நெருக்குவதாகக் கவலைப்படுகிறார்கள். எங்களுக்கு மழை அவர்களைவிட அதிகம்தான். ஆண்டுக்குச் சுமார் 1200 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் பெய்கிறது. ஆனால் அதிற் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்ற மூன்று மாதங்களில் கொட்டிவிடும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. நிலத்தடியில் சுண்ணாம்புக்கல்லும் மணலும் பிடித்து வைத்திருக்கும் நன்னீர்தான் மீதி மாதங்களுக்கு. வைகாசி தொடங்கிச் சோளகம் அடிக்கையில் மண் வறண்டு பறக்கும். அந்தக் காற்றை மறித்து நிற்பவை பனையும் வேலியும்தாம்.

வேலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாண வேலி ஒரு எல்லைக்கோடு மட்டுமல்ல. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை ஆகியவற்றின் கதியால்களை மழை தொடங்கும்போது நட்டால் அவை வேர் பிடித்து மரமாகும். இடையிடையே முருங்கையும் ஆடாதோடையும் நொச்சியும் தாமாகவோ நட்டோ வரும். ஆண்டுக்கு ஒருமுறை கதியாலைக் கொய்து, குழையை ஆட்டுக்குப் போட்டு, மிஞ்சியதைத் தோட்டத்தில் தாழ்ப்பார்கள். புகையிலைத் தோட்டத்துக்கும் வயலுக்கும் பூவரசங்குழை எவ்வளவு பெறுமதியானது என்பது பழைய கமக்காரருக்குத் தெரியும். வெட்டிய கதியால் மறுபடி துளிர்க்கும். வேலிக்குள் அணிலும் ஓணானும் புலுனியும் செண்பகமும் குடியிருக்கும். மரநாயும் கீரியும் ஒரு வளவிலிருந்து இன்னொரு வளவுக்கு நிலத்தில் வெளிப்படாமல் போவதற்கு அதுவே பாதை. துண்டு துண்டாகக் கிடக்கும் காடுகளை இணைக்கப் பச்சைப் பாதை வேண்டும் என்று சூழலியலாளர்கள் எழுதுகிறார்கள். எங்கள் ஊரில் அந்தப் பாதையை வீட்டுக்காரரே கையால் கட்டி ஆண்டுதோறும் பேணினார்கள்.

இன்று அந்த இடத்தில் மதில் எழுகிறது. வெளிநாட்டுக் காசு வந்த வீடுகளில் முதல் வேலை மதில் கட்டுவதாக இருக்கிறது. இதில் யாரையும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. வேலி அடைக்கக் கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை. ஓலை வெட்டிக் கட்டத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். வீட்டில் முதியவர்கள் மட்டும் இருக்கும்போது பாதுகாப்புப் பற்றிய பயமும் உண்டு. ஆனால் ஒரு ஒழுங்கையின் இருபக்கமும் மதிலாகிவிட்டால் அந்த ஒழுங்கையில் எத்தனை நூறு கதியால் போனது, எத்தனை உயிர் இடம்பெயர்ந்தது என்பதை எந்தத் திணைக்களமும் பதிவதில்லை.

அடுத்தது பனை. போருக்கு முன்பும் பனை தறிக்கப்பட்டது. வீட்டுக் கூரைக்கும் கிணற்றுத் துலாவுக்கும் முற்றிய மரம் வேண்டியிருந்தது. தறித்த அளவுக்கு வடலி என்ற இளம்பனை வந்துகொண்டிருந்ததால் அது அழிவாகத் தெரியவில்லை. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் மண்ணெண்ணெயும் சீமெந்தும் இல்லாத குடாநாடு விறகுக்கும் கட்டடத் தேவைக்கும் மரத்தையே நம்பியது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் போரால் இடம்பெயர்ந்து இலட்சக்கணக்கில் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குள் வந்தார்கள். பள்ளிக்கூடமும் கோயில் மடமும் நிரம்பிய பிறகு வந்தவர்களுக்கு மாமரத்தின் கீழும் பனங்கூடல்களிலும்தான் இடம் கிடைத்தது. மழைக்காலம் அது. கூரைக்கு ஓலையும் அடுப்புக்கு விறகும் கொடுத்தவை தென்மராட்சியின் மரங்கள்.

2000ஆம் ஆண்டு ஆனையிறவுப் படைமுகாம் வீழ்ந்த பின் போர்முனை சாவகச்சேரிக்கே வந்தது. நகரம் தரைமட்டமானது. பதுங்குகுழிக்கும் அணைக்கும் பனங்குற்றி அடுக்கியதில் எல்லாத் தரப்புக்கும் பங்கு உண்டு. எறிகணை செய்தது இன்னும் கொடியது. மாமரத்தின் கொப்பு முறிந்தால் வேறு கொப்புத் துளிர்க்கும். பனைக்கு வளரும் இடம் ஒன்றே ஒன்று, உச்சியில் உள்ள குருத்து. வட்டு அறுந்தால் மரம் அத்தோடு சரி. போர் ஓய்ந்து வீதி திறந்தபோது மிருசுவிலுக்கும் முகமாலைக்கும் இடையில் தலையற்று நின்ற பனைகளைப் பார்த்தவர்கள் இன்னும் அதைப் பேசுகிறார்கள். பிறகு கண்ணிவெடி அகற்றும் பணி வந்தது. மனிதர் திரும்பிவர அது கட்டாயம் தேவைப்பட்டது. ஆனால் வெடியைத் தேட முதலில் பற்றையையும் வடலியையும் வெட்டி நிலத்தை வெறுமையாக்க வேண்டும். இப்படிப் போரின் கணக்கில் மரங்கள் இருமுறை இழக்கப்பட்டன.

பனையைக் காக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலாவையும் ஈரப்பலாவையும் பெண்பனையையும் அனுமதியின்றித் தறிக்கக் கூடாது என்கிறது. 1978இலிருந்து பனை அபிவிருத்திச் சபையும் இயங்குகிறது. ஆனால் பனை முதலில் பூக்கப் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு மேல் எடுக்கும். அதுவரை அது ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே பெண்பனையைக் காக்கும் சட்டம் வடலியைக் கண்டுகொள்வதில்லை. காணி வாங்குபவர் ஜேசிபியைக் கொண்டுவந்து அரைநாளில் வடலியை வழித்துவிட்டு 'காணி துப்புரவாக்கியாச்சு' என்கிறார். கோடையில் காய்ந்த ஓலைக்கு நெருப்பு வைப்பதும் நடக்கிறது. பெரிய பனையில் கை வைத்தால் நாலு பேர் கேட்பார்கள். வடலியில் கை வைத்தால் கேட்பாரில்லை. இருபது ஆண்டு கழித்துக் கூடலாக நிற்க வேண்டியது அந்த வடலிதான். பனை உழவாரன் குருவி ஓலையின் அடியில் ஒட்டிக் கூடு கட்டும். தூக்கணாங்குருவி மட்டையில் தொங்கவிடும். ஒடியலும் பனாட்டும் பனங்கட்டியும் மனிதருக்கு என்றால் இந்த உயிர்களுக்குப் பனையே ஊர்.

தெற்கிலும் வடமேற்கிலும் தென்மராட்சியின் ஓரங்களில் தரவையும் கண்டலும் இருக்கின்றன. கச்சாய்க் கரையிலும் நாவற்குழி, கைதடிப் பக்கங்களிலும் கண்ணாவும் தில்லையும் உப்பு நீரில் நிற்கின்றன. களங்கண்டியும் சிறகுவலையும் போட்டுப் பிழைப்பவர்களுக்கு இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் எங்கே வளர்கின்றன என்று பாடம் எடுக்கத் தேவையில்லை. சரசாலையில் குருவிக்காடு என்ற இடமே இருக்கிறது. மழைக்காலத்தில் வலசை வரும் பறவைகள் அந்தக் கண்டல்களில் வந்து அடைகின்றன. 2015இல் தன் கண்டல் காடுகள் முழுவதையும் பாதுகாக்கத் திட்டமிட்ட முதல் நாடு என்று இலங்கை பெயர் பெற்றது. 2024இல் ஐக்கிய நாடுகள் சபை இலங்கையின் கண்டல் மீளுருவாக்கப் பணியை உலக முன்மாதிரிகளுள் ஒன்றாக அறிவித்தது. மகிழ்ச்சிதான். ஆனால் கண்டல் ஓரத்தில் குப்பை கொட்டுவதும், தரவையைத் தரிசு என்று நினைத்து மண் நிரப்புவதும் அந்த அறிவிப்போடு நின்றுவிடவில்லை. குடாநாட்டின் கிழக்கு வாசலில் உள்ள சுண்டிக்குளம் 1938இலேயே சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவானது. சரசாலைக்கும் கச்சாய்க்கும் அந்தளவு கவனம் கிடைக்கவில்லை.

நைஜர் நாட்டில் நடந்த ஒன்றை எங்கள் ஊராருக்குச் சொல்ல வேண்டும். 1980களின் தொடக்கத்தில் மராடி என்ற பகுதியில் மரநடுகைத் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. நட்ட கன்றுகள் வறட்சியில் செத்தன. அங்கே பணிசெய்த டோனி ரினோடோ என்ற அவுஸ்திரேலியர் 1983இல் ஒன்றைக் கவனித்தார். வயலில் பற்றையென்று நினைத்து உழவர் ஆண்டுதோறும் வெட்டியெறிந்த துளிர்கள், நிலத்தடியில் உயிரோடிருந்த பழைய மரங்களின் அடிக்கட்டைகளிலிருந்து வந்தவை. அவற்றில் சிலவற்றைத் தெரிவுசெய்து வளரவிட்டு, மற்றவற்றைக் கழித்தால் போதும். வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருக்கிறது. மரம் அரசுக்குச் சொந்தம் என்ற பழைய நிலை தளர்ந்து, தன் வயலின் மரம் தனக்கே என்ற நம்பிக்கை உழவருக்கு வந்ததும் அது ஊர் ஊராகப் பரவியது. இருபது ஆண்டுகளில் சுமார் 50 இலட்சம் ஹெக்டேயரில் 20 கோடி மரங்கள் எழுந்தன. அவற்றிற் பெரும்பாலானவை யாரும் நட்டவை அல்ல.

எங்களுக்கும் கார்த்திகை மரநடுகை மாதம் உண்டு. மழையில் நடுவது சரியான முடிவு. நட்டவர்களின் அக்கறையிலும் ஐயமில்லை. ஆனால் சித்திரையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல், ஆடு கடித்து, சோளகத்தில் காயும் கன்று எத்தனை! ஒரு காணியில் தானாக வந்த ஐம்பது வடலியைக் காப்பது, ஐநூறு கன்று நடுவதிலும் பயன் தரும் என்று நான் நம்புகிறேன். வடலிக்குத் தண்ணீர் வேண்டாம். ஆடும் கடிக்காது. விட்டுவைத்தால் போதும்.

ஆகவே தென்மராட்சிப் பிரதேச செயலகத்திடமும் சாவகச்சேரி நகரசபையிடமும் பிரதேச சபையிடமும் சில கோரிக்கைகள். காணி பிரிப்பதற்கும் வீடு கட்டுவதற்கும் அனுமதி கேட்டு வருபவரிடம் அந்தக் காணியில் நிற்கும் மரங்களையும் வடலியையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எவை நிற்கும், எவை போகும் என்பது வரைபடத்தில் இருக்கட்டும். கிராம அலுவலர் பிரிவு வாரியாகப் பனையும் வடலியும் எண்ணப்பட வேண்டும். உயர்தர வகுப்பு மாணவர்கள் ஒரு விடுமுறையில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. சரசாலைக் குருவிக்காட்டுக்கும் கச்சாய்க் கரைக்கும் எல்லைக்கல் போடுங்கள்.

வளவு வைத்திருப்பவர்களிடமும், புலம்பெயர்ந்த நாட்டிலிருந்து இங்கே காணி வாங்குபவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். முன்பக்கத்துக்கு மதில் வேண்டுமென்றால் கட்டுங்கள். மற்ற மூன்று பக்கத்தையும் வரும் ஐப்பசி மழையோடு கதியால் நட்டு அடையுங்கள். பின்வளவில் நிற்கும் வடலியை ஜேசிபிக்காரர் கேட்டாலும் வழிக்க விடாதீர்கள்.