கோபுரப் பகிர்வும் தொலைபேசிப் போட்டியும்

2009ஆம் ஆண்டில் எயார்டெல் வந்தபோது இலங்கையில் கையடக்கத் தொலைபேசி நிறுவனங்கள் ஐந்து. 2018இல் எட்டிசலாட் ஹட்ச்சுடனும், 2024 ஜூனில் எயார்டெல் டயலொக்குடனும் இணைந்தன. மொபிடெலுடன் சேர்த்து எஞ்சியவை மூன்றே.

ஒரே கிராமத்தில் மூவரும் தனித்தனிக் கோபுரம் எழுப்புவது வீண்செலவென்பதை நாம் மறுக்கவில்லை. கோபுரம், காணி, மின்பிறப்பாக்கி ஆகியவற்றைப் பகிர்ந்தால் செலவு குறையும். வாடிக்கையாளர் சிலரேயுள்ள பிரதேசங்களுக்கும் சேவை எட்டும். அலைவரிசையும் கட்டணமும் அவரவருக்கே உரியவையாக இருக்கும்வரை போட்டிக்குப் பங்கமில்லை. ஆனால், கோபுரத்தின் உரிமையாளரே வாடகைக்கு வருபவரின் போட்டியாளராகவும் இருக்கும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. வாடகையை உயர்த்தியோ அனுமதியை இழுத்தடித்தோ சிறிய நிறுவனத்தை அப்பிரதேசத்துக்கு வெளியே நிறுத்திவிடலாம். நட்டமடைவது, ஒரே நிறுவனத்தின் சேவையை நம்பியிருக்கும் ஊரவரே.

நிறுவன இணைப்புகளை விசாரிக்க 1987ஆம் ஆண்டின் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டம் இடமளித்திருந்தது. 2003இல் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அதனை நீக்கியபோது அவ்வதிகாரமும் மறைந்தது. விந்தையான சீர்திருத்தம்! ஆகவே, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பொறுப்பு பெரிது. கோபுர வாடகை நிபந்தனைகளை அது பகிரங்கப்படுத்தி, எவருக்கும் பேதமின்றி நடைமுறைப்படுத்த வேண்டும். இடம் மறுக்கப்படின், அதற்கான காரணத்தை எழுத்து மூலம் கோர வேண்டும்.